தண்ணீர்ச் சத்தம்

கண்டக்டர் பக்கத்தில் நின்று எங்கே இறங்கணும், எங்கே இறங்கணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். எனக்குக் கேட்கவில்லை. சன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாள் என் தொடையில் தட்டி, "சிஸ்டர், உங்களைத்தானுங்க கேக்குறாரு" என்று சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். மேல் எஸ்டேட் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "தூக்கமா சிஸ்டர்? பெட்டி கீழ விழுந்துரப் போகுது" என்று சொல்லிவிட்டுப் போனார். தூக்கம் என்றே நினைத்துக்கொள்ளட்டும். காது மந்தம் என்பதைவிடத் தூக்கம் எவ்வளவோ மேல். தூங்கினால் எழுந்துகொள்ளலாம். வலக் காதில் ஓர் இரைச்சல் வந்து ஒரு வருடத்துக்கு மேல் இருக்கும், போன பொங்கலா அதற்கு முந்தின பொங்கலா என்று சரியாக நினைவில்லை, வந்த புதிதில் தலைக்குளியல் தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று நினைத்துத் தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்திருக்கிறேன், இந்த வயதில், பாத்ரூமில், கதவைச் சாத்திக்கொண்டு. ஒன்றும் வெளியே வரவில்லை. காது டாக்டர் கீழே பெரிய ஆஸ்பத்திரியில் புதன்கிழமைதான் இருப்பார். புதன்கிழமை எனக்குத் தடுப்பூசி நாள். ஊரில் இருக்கிற குழந்தைக்கெல்லாம் புதன்கிழமை ஊசி போட வேண்டியவள் என் காதைக் காட்ட எந்தப் புதன்கிழமைக்குப் போவேன்? கேட்டால் லீவு போடுங்கள் சிஸ்டர் என்பார்கள். போடலாம். மலைக்கு இருக்கிற கிராம சுகாதார நர்ஸ் நான் ஒருத்திதான், பக்கத்து நர்ஸ் பணியிடம் காலியாகக் கிடக்கிறது, அதையும் நான்தான் பார்க்கிறேன். லீவு போட்டால் அந்தப் புதன்கிழமை யாருக்கும் ஊசி கிடையாது. அதனால் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும், ஒரு காது போதாதா என்று விட்டுவிட்டேன். மடியில் தடுப்பூசி மருந்து வைத்த நீலப் பெட்டி. இரண்டு கையாலும் கட்டிப்பிடித்திருக்கிறேன். முட்டி வலிக்கிறது. பெட்டியின் குளிர் சேலையைத் தாண்டித் தொடையில் இறங்குகிறது, வெயில் காலத்தில் சுகமாக இருக்கும், இந்த மூடுபனியில் எலும்பு வரைக்கும் போகிறது. வளைவில் பஸ் திரும்பும்போதெல்லாம் உள்ளே குப்பிகள் ஒன்றோடொன்று மெல்ல இடிப்பது கைக்குத் தெரிகிறது. காதுக்குத் தெரியவில்லை, கைக்குத்தான்.

அப்போதுதான் அது வந்தது. எங்கிருந்து என்று தெரியாமல், சோற்றில் கல் கடிபட்ட மாதிரி. காலையில் ஐஸ் பேக்கை எந்தக் காதில் வைத்துக் கேட்டேன்? சும்மா ஒரு கேள்வி, விட்டுவிடலாம் என்று சன்னலுக்கு வெளியே பார்த்தேன், தேயிலை, தேயிலை, ஒரு சில்வர் ஓக் மரம், மறுபடி தேயிலை. விடவில்லை. எந்தக் காது? காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உறைபெட்டியைத் திறந்து ஐஸ் பேக்குகளை எடுத்து மேசை மேல் பரப்பினேன். அது சரி. எடுத்தவுடன் பெட்டிக்குள் வைத்துவிடக் கூடாது, கல்லாக இருக்கும், அந்தக் கல் பக்கத்தில் ஊசி மருந்து இருந்தால் மருந்தும் உறைந்து வீணாகிவிடும். வெளியில் வைத்து, அது வியர்த்து, உள்ளே கொஞ்சம் உருகி, காதருகே ஆட்டினால் தண்ணீர்ச் சத்தம் கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் பெட்டிக்குள் போக வேண்டும். இதைத்தான் எங்களுக்குச் சொல்லிச் சொல்லிக் கொடுத்தார்கள், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கீழே சமவெளியில் சீக்கிரம் உருகிவிடும். இங்கே குளிரில் அது பாட்டுக்குக் கிடக்கும், பஸ் காத்துக்கொண்டிருக்காது. மேசை மேல் பரப்பிவிட்டுக் குப்பிகளை எண்ணினேன். அப்போது போன் வந்தது. வசந்தகோகிலம் மேடம். எங்களுக்கு மேலே இருக்கிற பகுதி நர்ஸ், ரிட்டயர் ஆகும்வரை போனைக் காதிலிருந்து எடுக்க மாட்டேன் என்று சபதம் எடுத்தவர். "சுந்தரி, மேல் எஸ்டேட்டுல இந்த மாசம் ஒரு பிள்ளையும் விட்டுப்போகக் கூடாது, மேல இருந்து கேக்குறாங்க" என்றார். அவருக்கு மேலே இருந்து கேட்கிறார்கள், அவர்களுக்கு அதற்கும் மேலே இருந்து கேட்கிறார்கள், கடைசியில் எங்கோ வேறு தேசத்தில் ஒரு கட்டடத்தில் யாரோ ஒருத்தர் உட்கார்ந்து மேல் எஸ்டேட் பிள்ளைகளைப் பற்றிக் கேட்கிறார் போலிருக்கிறது. கேட்கட்டும், நல்லதுதான். சரிங்க மேடம், சரிங்க மேடம் என்றேன். போன் இடக் காதில். எனக்குப் போன் எப்போதும் இடக் காதில்தான், வலக் காதில் வைத்தால் ஆற்றங்கரையில் நின்று பேசுகிற மாதிரி இருக்கும். போன் இடக் காதில் இருந்தால் ஐஸ் பேக்?

வலது கையில் எடுத்து ஆட்டியிருக்கிறேன். வலது கை எந்தக் காதுக்குப் போகும்? தண்ணீர்ச் சத்தம் கேட்டது, அது நிச்சயம், கேட்டுத்தான் உள்ளே வைத்தேன். ஆனால் வலக் காதில் தண்ணீர்ச் சத்தம் எப்போது கேட்கவில்லை? செங்கல்லை எடுத்து ஆட்டியிருந்தாலும் கேட்டிருக்கும். சரி, வேறு எதையாவது வைத்துக் கண்டுபிடிக்கலாம். தொட்டபோது விரல் ஒட்டியதா? கல்லாக இருந்தால் விரல் ஒட்டும். வியர்த்திருந்தால் கை ஈரமாகியிருக்கும், கையை முந்தானையில் துடைத்திருப்பேன். முந்தானையைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். நல்லவேளை என்று மூச்சு விட்டேன். அடுத்த நிமிடம் முன் சீட்டுக் கம்பியைத் தொட்டேன், அதுவும் ஈரம், சன்னல் ஈரம், பக்கத்து அம்மாளின் பை ஈரம், மூடுபனி எல்லாவற்றையும் நனைத்து வைத்திருக்கிறது. போன் பேசி முடிக்கும்போது பஸ் ஹாரன் கேட்டது, இடக் காதில், ஓடினேன். எவ்வளவு நேரம் மேசை மேல் கிடந்தது? மேடம் வழக்கமாக நெடுநேரம் பேசுவார், இன்றைக்கு நெடுநேரம் பேசினாரா? முதல் தடவையாக அவர் இன்னும் கொஞ்சம் பேசியிருக்கக் கூடாதா என்று வேண்டிக்கொள்கிறேன். தினமும் செய்கிற வேலை எதுவும் நினைவில் தங்குவதில்லை. அடுப்பை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி ஓடுகிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். பாதி வழியில் திரும்ப எனக்கு பஸ் இல்லை. மேலே போகிற இதே வண்டிதான் சாயங்காலம் கீழே வரும்.

சூடு பட்டிருந்தால் கவலையே இல்லை. குப்பியின் மேல் ஒரு வட்டம் இருக்கும், அதற்குள் ஒரு வெள்ளைச் சதுரம். மருந்துக்குச் சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும், கறுத்துவிட்டால் தூக்கி எறிந்துவிட வேண்டியதுதான், பள்ளிக்கூடம் போகாதவர்களும் பார்த்துச் சொல்லிவிடலாம். யாரோ புண்ணியவான் கண்டுபிடித்து உலகம் முழுக்க ஒட்டிவிட்டான். குளிருக்கு அப்படி ஒன்றும் ஒட்டவில்லை. உறைந்து, மறுபடி உருகி, ஒன்றுமே நடக்காத மாதிரி வெள்ளையாக, கலங்கலாக, அப்பாவியாக உட்கார்ந்திருக்கும். சதுரமும் வெள்ளையாகவே இருக்கும். இப்படிக் கெட்ட மருந்தைப் போட்டால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, அதுதான் கொடுமை, ஒன்றுமே ஆகாது. அழும், கொஞ்சம் வீங்கும், அம்மா மடியில் தூங்கிவிடும். அட்டையில் போட்டாகிவிட்டது என்று குறித்துவிடுவேன். அதற்குப் பிறகு அந்தக் குழந்தைக்கு அந்த ஊசியை யாரும் போட மாட்டார்கள், ஏனென்றால் போட்டாகிவிட்டது. போடாத குழந்தையையாவது தேடிப் பிடித்துப் போடுவோம். இந்தக் குழந்தையை யார் தேடுவார்கள்? பயிற்சிக் கூட்டத்தில் ஓர் அதிகாரி வந்து, மருந்து செய்வது பெரிதில்லை, கப்பலில் ஏற்றுவது பெரிதில்லை, கடைசி மைல்தான் பெரிது என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். ஓர் ஓடை, அதன் மேல் மரப்பாலம், பெட்டியோடு ஒரு பெண் நடந்து போகிறாள். எங்கள் எல்லோருக்கும் ஒரே சிரிப்பு, அந்தப் பெண்ணின் சேலையில் ஒரு சுருக்கம் இல்லை. கடைசி மைல் என்றால் நான்தான், என் முட்டிதான், இப்போது பார்த்தால் என் காதுதான். ஐஸ் கல்லாக இருந்தாலும் மருந்தை உறைய விடாத புதுப் பெட்டி ஒன்று வந்துவிட்டது என்றும் அன்றைக்குச் சொன்னார். எங்களுக்கும் வரும் என்றார். வரும். மலை ஏற நாளாகும். நான் கைதட்டினேன். கூட்டத்தில் வலப் பக்கம் உட்கார்ந்திருந்த நர்ஸ் என்னவோ சொன்னாள், நானும் தலையாட்டினேன், அவள் ஏன் முகம் சுளித்தாள் என்று இன்றைக்கு வரை தெரியாது.

பஸ் நின்றுவிட்டது. முன்னால் எட்டிப் பார்த்தேன். ரோட்டில் யானை. ஒன்று தெரிந்தது, அதன் காலுக்கு நடுவில் குட்டி ஒன்று தெரிந்தது, மற்றவை தேயிலைக்குள் நிற்கும் போல. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டார். யாரும் சத்தம் போடவில்லை, இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு யானை புதிதில்லை, ஒருத்தர் கொட்டாவி விட்டார். இன்ஜின் நின்றதும் எவ்வளவு அமைதி. அந்த அமைதியில் நன்றாகக் கேட்டது, பாறை மேல் தண்ணீர் ஓடுகிற சத்தம், நிற்காமல், சன்னமாக, அழகாகக்கூட இருந்தது. இந்த வளைவுக்குப் பக்கத்தில் ஓடை இருக்கிறது, மழைக்காலத்தில் பார்த்திருக்கிறேன், அதுதான். அதுதானா? பக்கத்து அம்மாளிடம் கேட்டுவிடலாமா? கேட்காமல் இருந்தால் ஓடை என்றே நினைத்துக்கொள்ளலாம். வாய் சும்மா இருந்ததா? "ஏங்கக்கா, தண்ணி ஓடுற சத்தம் கேக்குதா?" என்று கேட்டேன். அந்த அம்மாள் தலைத்துண்டை விலக்கி, வாயைக்கூடக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார். அவ்வளவு அக்கறையாகக் கேட்டார், பாவம். "இல்லீங்களே சிஸ்டர். ஓடையெல்லாம் காஞ்சு கெடக்குதுங்க. யானை தழை ஒடிக்கிற சத்தந்தான் கேக்குது" என்றார். எனக்கு யானை தழை ஒடிக்கிற சத்தம் கேட்கவே இல்லை. ஆமாங்க, ஆமாங்க என்றேன். பெட்டியைத் திறந்து பார்க்கக் கை பரபரத்தது. திறந்து என்ன செய்ய? இந்நேரம் ஐஸ் பேக்கெல்லாம் உருகத் தொடங்கியிருக்கும், இப்போது ஆட்டிப் பார்த்தால் எதில் வேண்டுமானாலும் தண்ணீர் இருக்கும். காலையில் இருந்ததா என்பதுதான் கேள்வி, காலையிடம் போய்க் கேட்க முடியாது. வழியில் அடிக்கடி திறக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். மூடியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே புகுந்து மறுபக்கம் வந்தது, மறுபடி புகுந்தது. அதற்கு ஊசி கிடையாது, அட்டை கிடையாது.

மேலே எனக்காகக் காத்திருப்பார்கள். எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்து வராந்தாவில், கம்பளியைப் போர்த்திக்கொண்டு, பிள்ளையை அதற்குள் போட்டுக்கொண்டு. அதில் முதலில் நிற்பவள் ஃபூல்மணியாகத்தான் இருக்கும். ஜார்க்கண்டுப் பெண், புருஷனோடு தேயிலை கிள்ள வந்தவள், இங்கே எல்லோரும் பூமணி ஆக்கிவிட்டார்கள், அவளும் அப்படியே திரும்பிப் பார்க்கிறாள். போன மாதம் அவளைச் சம்மதிக்க வைப்பதற்குள் என் உயிர் போய்விட்டது. ஊசி போட்டால் காய்ச்சல் வரும், காய்ச்சல் வந்தால் வேலைக்குப் போக முடியாது, ஊரில் அவள் அக்கா பிள்ளைக்குப் போட்டுத் தொடை வீங்கியது, இப்படி ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொன்னாள். அவள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவள் போட்டுக் கொடுத்த இனிப்பில்லாத டீயைக் குடித்துக்கொண்டே எனக்குத் தெரிந்த பத்து இந்தி வார்த்தையையும் செலவழித்தேன். பக்கத்து டிவிஷனில் ஒரு குழந்தைக்குக் கக்குவான் இருமல் வந்ததே, முகம் நீலமாகி, இரும முடியாமல் இரும, ராத்திரி ஜீப்பில் கீழே கொண்டுபோனார்களே, அந்தக் கதையைச் சொன்னேன். அந்தக் குழந்தை திரும்பி வரவில்லை என்பதையும் சொன்னேன். பயமுறுத்தக் கூடாது என்றுதான் விதி. பயமுறுத்தினேன். வேறு என்ன செய்ய, கையில் வேறு எதுவும் இல்லை. அவள் குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "நீங்க சொல்றதுனால, சிஸ்டர்" என்று தூக்கிக் கொடுத்தாள். ரோஷ்னி. சின்னத் தொடை, என் இரண்டு விரலுக்குள் அடங்கியது. ஊசி போட்டதும் ஒரு நொடி ஆச்சரியமாகப் பார்த்துவிட்டுப் பிறகுதான் அழுதது. இன்றைக்கு இரண்டாவது ஊசி. அவளே வருவாள், கூப்பிட வேண்டியதில்லை, மேஸ்திரியிடம் முகச்சுளிப்பு வாங்கிக்கொண்டு அரைநாள் கிள்ளலை விட்டுவிட்டு வந்து நிற்பாள். அவளிடம் போய், இன்றைக்கு இல்லை, அடுத்த மாதம் வா என்று சொன்னால்? அடுத்த புதன்கிழமை கீழ் எஸ்டேட், அதற்கடுத்தது ஆற்றோரம், மேல் எஸ்டேட்டுக்கு ஒரு மாதம் போக வேண்டும். ஒரு தடவை திருப்பி அனுப்பினால் அடுத்த தடவை பாதிப்பேர் வர மாட்டார்கள், பார்த்திருக்கிறேன். பக்கத்து டிவிஷனில் அந்த இருமல் இன்னும் யார் தொண்டையில் உட்கார்ந்திருக்கிறதோ.

போட்டுவிடலாம். ஏன் போடக் கூடாது? உறைந்தது என்று யார் கண்டார்கள்? மேசை மேல் போதுமான நேரம் கிடந்திருக்கும், மேடம் நெடுநேரம்தான் பேசினார், பேசாமல் இருப்பாரா? என் காது பொய் சொல்லியிருக்கலாம், அதற்காக ஐஸ் உருகவே இல்லை என்று ஆகுமா? சந்தேகத்துக்கு ஒரு குப்பியை வீணாக்கினால் ஏன் வீணாக்கினாய் என்று கேட்பார்கள், பிள்ளைகள் ஏன் விட்டுப்போனார்கள் என்று கேட்பார்கள். காது கேட்கவில்லை என்று சொன்னால் நர்ஸ் வேலைக்கு லாயக்கில்லை என்பார்கள், வயிற்றில் இருக்கிற குழந்தையின் துடிப்பைக் கேட்கிற கருவியும் என்னிடம்தானே இருக்கிறது. ஐயோ, அதை நினைக்காதே. அதை இடக் காதில்தான் கேட்பேன், அதுவும் இப்போது மெஷின் வந்துவிட்டது, பெட்டியில் சத்தம் வரும். மகள் பெனிட்டா அயர்லாந்தில் நர்ஸாக இருக்கிறாள், வீடியோவில் வந்தால் அவள் முதல் வார்த்தையே, "அம்மா, ஏன் கத்துற?" என்பதுதான். காதைக் காட்டு, காதைக் காட்டு என்று உயிரை வாங்குகிறாள். உன் ஊரில் காட்டலாமா என்று கேட்டேன். இங்கேயும் காது டாக்டரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்கணும்மா என்றாள். அப்புறம் என்னடி, உலகம் பூராவும் காத்துக்கொண்டு உட்கார்ந்துதானே இருக்கிறது என்றேன், இரண்டு பேரும் சிரித்தோம், படம் நின்றுவிட்டது. அவள் இங்கே இருந்திருந்தால் பக்கத்து இடம் காலியாக இருந்திருக்காது. அவளை அனுப்ப நான்தான் நகையை விற்றேன், யாரைச் சொல்ல. களைப்பாக இருக்கிறது. தூக்கத்துக்கு ஏங்குகிற களைப்பு இல்லை இது. யாராவது ஒருத்தர் வந்து, கொடு, இந்தப் பெட்டியைக் கொஞ்ச நேரம் நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டார்களா என்றிருக்கிறது. போட்டுவிட்டால் சாயங்காலம் இதே பஸ்ஸில் காலி பெட்டியோடு இறங்கிவிடலாம். யாருக்கும் தெரியாது. ரோஷ்னிக்கு எதுவும் வராமலே போகலாம், எத்தனையோ குழந்தைகளுக்கு ஊசி போடாமலே எதுவும் வருவதில்லை. வந்தால்? வந்தால் அவள் முகம் நீலமாகும்போது ஃபூல்மணி ஊசி போட்டிருக்கிறதே என்று தைரியமாக இருப்பாள். ஜீப்பைக் கூப்பிட ஒரு நாள் பிந்துவாள். என்னை நம்பியதால் பிந்துவாள். அந்த நாளைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

யானை எப்போது போனதென்று தெரியவில்லை, பஸ் ஓடிக்கொண்டிருந்தது. இறக்கத்தில் தொழிற்சாலைக் கூரை, வறுபடுகிற தேயிலை வாசம், கோயில், அப்புறம் நான் இறங்கும் இடம். இறங்கும்போது சன்னல் பக்கத்து அம்மாள் பெட்டியை எடுத்துக் கையில் கொடுத்தார். "பார்த்துப் போங்க சிஸ்டர்" என்றார், உதடு தெரிந்ததால் புரிந்தது. காப்பகத்து வராந்தாவில் நினைத்த மாதிரியே நின்றார்கள். கம்பளிக்குள் பிள்ளைகள், கம்பளிக்கு வெளியே சின்னச் சின்னத் தொப்பிகள். முற்றத்தில் நடக்கப் பழகிய பிள்ளைகள் ஒரு பழைய டயரைச் சுற்றி விழுந்து எழுந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். காப்பகத்து ஆயா பெஞ்சைத் துடைத்து வைத்திருந்தாள். உட்கார்ந்து, மூடியைத் திறந்து, ஒரு ஐஸ் பேக்கை எடுத்து இடக் காதில் வைத்து ஆட்டினேன். தண்ணீர். அடுத்தது, தண்ணீர். எல்லாவற்றிலும் தண்ணீர், இருக்காமல் என்ன. குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், வட்டத்துக்குள் வெள்ளைச் சதுரம், கலங்கல் மருந்து, அடியில் ஏதோ கொஞ்சம் தங்கியிருந்தது, எப்போதும் தங்குவதுதான், எப்போதும் இவ்வளவுதானா? எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபூல்மணி முதல் ஆளாக வந்து, சொல்லாமலே ரோஷ்னியின் கால்சட்டையைக் கீழே இறக்கித் தொடையைக் காட்டினாள். போன மாதம் அப்படிச் சண்டை போட்டவள். பஞ்சைக் கையில் எடுத்துவிட்டேன். எடுத்த பஞ்சை வைக்க இடம் தெரியாமல் மடியில் வைத்தேன். "இன்னைக்குச் சொட்டு மருந்து மட்டும் குடுக்கிறேம்மா" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். எனக்கே என் குரல் பெரிதாகக் கேட்டது. "சொட்டு மருந்து உறைஞ்சாலும் கெடாது, அது நல்லா இருக்கு. ஊசி மருந்து வர்ற வழியில குளிர்ல உறைஞ்சிருக்குமோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. சந்தேகத்தோட பிள்ளைக்குப் போட மாட்டேன். எப்படியாவது அடுத்த புதன்கிழமையே வேற மருந்து கொண்டு வர்றேன்."

சொல்லிவிட்டுத் திட்டு விழும் என்று காத்திருந்தேன். அரைநாள் போச்சே என்று கேட்பார்கள், பதில் வைத்திருந்தேன். மேஸ்திரி இன்னொரு தடவை விட மாட்டாரே என்று கேட்பார்கள், நானே வந்து பேசுகிறேன் என்று சொல்ல இருந்தேன். வசந்தகோகிலம் மேடத்துக்குக்கூட ஒரு பதிலை வளைவுக்கு வளைவு சேர்த்து வைத்திருந்தேன். யாரும் திட்டவில்லை. கொஞ்ச நேரம் எதுவுமே கேட்கவில்லை, என் தண்ணீரைத் தவிர. பிறகு ஆயா என் தோளைத் தொட்டு வலப் பக்கம் கையைக் காட்டினாள். ஃபூல்மணி அங்கே நின்று என்னவோ கேட்டிருக்கிறாள். "என்னம்மா?" என்று தலையைத் திருப்பினேன். அவள் கோபமாக இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை, தெரியாத தமிழை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்து நிதானமாகக் கேட்டாள். "சிஸ்டர், போன மாசம் போட்டது, அது நல்ல மருந்தா?" அவள் கட்டைவிரல் ரோஷ்னியின் தொடையில், போன மாதம் நான் குத்திய இடத்தைத் தடவிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறேன், எதையெதையோ நினைத்திருக்கிறேன், இன்றைய காலையை விட்டு ஓர் அடி பின்னால் போகவில்லை. போன மாதம் மேடம் போன் பண்ணவில்லை. போன மாதம் இரண்டு கையும் சும்மாதான் இருந்தது. ஆனாலும் எடுத்தது வலது கையால்தான், வைத்தது வலக் காதில்தான், நான் பிறந்ததிலிருந்து வலது கைக்காரி. அதற்கு முந்தின மாதமும். போன பொங்கலிலிருந்து, இல்லை அதற்கு முந்தின பொங்கலிலிருந்து. நல்ல மருந்துதாம்மா என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது, ஒரு வார்த்தை, அவளும் நம்பியிருப்பாள். "தெரியலைம்மா" என்றேன். ஃபூல்மணி குழந்தையின் கால்சட்டையை மேலே இழுத்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் என்னைப் பார்க்கவில்லை. ஒருத்தி திரும்பினாள், பிறகு இன்னொருத்தி, பிறகு எல்லோரும் முற்றத்துப் பக்கம் திரும்பி, டயரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்த, நான் ஊசி போட்ட தங்கள் பெரிய பிள்ளைகளைப் பார்த்தார்கள்.